காசல்ரிக் கரையில் கொழும்பின் விடுமுறை

போயா தினம் வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ வந்துவிட்டால், வெள்ளவத்தை ஒழுங்கைகளில் விடியற்காலை நான்கு மணிக்கே வேன்கள் வந்து நின்றுவிடும். புளிச்சாதப் பொட்டலம், தலைசுற்றலுக்குத் தேசிக்காய், குளிருக்கு ஸ்வெட்டர், கனடாவிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா குடும்பம், ஜன்னலோரத்துக்குப் பிள்ளைகளின் சண்டை. எங்கே பயணம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: நுவரெலியா. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல், உருவான வாவியைச் சுற்றி ஒரு நடை, அன்னப் படகில் ஒரு சுற்று, அவித்த சோளம், திரும்பும் வழியில் கொஞ்சம் லீக்ஸும் கரட்டும். ஏப்ரல் வசந்த காலத்தில் அந்தக் கரையில் தண்ணீரைவிட மனிதத் தலைகள்தான் கூடுதலாகத் தெரியும்.

இந்த நெரிசலில் அலுத்துப்போன சில குடும்பங்கள் இப்போது வேறு திசையில் வண்டியைத் திருப்புகின்றன. கினிகத்தேனை ஏற்றம் ஏறி, ஹட்டனுக்கு வந்து, டிக்கோயா வழியாக நோர்வூட் பக்கம் இறங்கினால் மலை மடிப்புகளுக்குள் விரல் விரலாகப் பிரிந்து கிடக்கிறது காசல்ரி நீர்த்தேக்கம். இன்னும் சற்றுத் தூரத்தில், மஸ்கெலியாவை அடுத்து, அதைவிடப் பெரிய மவுசாகலை. தேயிலை வரிசைகள் தண்ணீரின் விளிம்பு வரை இறங்கி நிற்கின்றன. 1878இல் கட்டப்பட்ட வார்லி தேவாலயம் காசல்ரியைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது. வானம் வெளுத்திருந்தால் சிவனொளிபாதமலையின் கூம்பும் தெரியும். நுழைவுச் சீட்டு கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் பொதுக் கழிவறையும் எளிதில் கிடையாது.

சிறு நகரமொன்றின் ஏரிக்கரையில் ஓய்வாக இருந்துவிட்டு வரும் இந்த வகை விடுமுறை வளர வேண்டியதுதான். நாட்டுக்கும் நல்லது, நுவரெலியாவின் மூச்சுத்திணறலுக்கும் நல்லது. ஆனால் அது வளரும்போது யாருக்கு வருமானம் தரும் என்ற கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும். ஏனெனில் இந்த ஏரிகள் உருவானபோது, கரையில் வாழ்ந்தவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

முதலில் கொழும்புக்கும் இந்தத் தண்ணீருக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். காசல்ரி, கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டியது. மவுசாகலை, மஸ்கெலியா ஓயாவை மறித்துக் கட்டியது. இரண்டு ஓயாக்களும் கீழே ஒன்று சேர்ந்துதான் களனி கங்கை ஆகின்றன. அந்தக் களனியிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீர்தான் கொழும்பு மாநகரின் குழாய்களில் பெரும்பகுதி. மிச்சம் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, மட்டக்குளியைத் தாண்டிக் கடலில் விழுகிறது. ஆகவே, வேனில் வந்து கரையில் நிற்கும் கொழும்புக்காரர் இந்த ஏரிகளுக்கு விருந்தாளி மட்டுமல்லர், பழைய வாடிக்கையாளரும்கூட.

மின்சாரத்திலும் அதே உறவு உண்டு. 1901இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற இளம் பொறியியலாளர் இந்தப் பள்ளத்தாக்குகளில் தங்கம் இருக்கிறதா என்று ஆராய அனுப்பப்பட்டார். அவர் அங்கே கண்டது அருவிகளை. கினிகத்தேனைப் பக்கத்து அபர்டீன் அருவியின் உயரம் மட்டும் 98 மீற்றர், லக்ஷபான அருவி அதைவிட உயரம். அந்த வீழ்ச்சியை மின்சாரமாக மாற்றலாம் என்பதை 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரையாகவே வைத்தார். காலனி அரசுக்கு அவசரமில்லை. வேலை தொடங்கியது, நின்றது, மீண்டும் தொடங்கியது. 1950இல்தான் பழைய லக்ஷபான மின் நிலையம் இயங்கியது. அதைக் கண்ணால் கண்ட பிறகு, 1953இல் அவர் காலமானார்.

அதன் பிறகு படிப்படியாக ஒரு நீர்ப் படிக்கட்டே கட்டி முடிக்கப்பட்டது. 1965இல் காசல்ரித் தண்ணீரில் ஓடும் 50 மெகாவாட் நிலையம் வந்தது, அதற்கு விமலசுரேந்திரவின் பெயரே வைக்கப்பட்டது. 1969இல் மவுசாகலை அணையும் பொல்பிட்டிய நிலையமும். 1974இல் புதிய லக்ஷபான, 1983இல் கெனியன். ஒரு நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் சுரங்கத்துக்குள் புகுந்து அடுத்த நிலையத்துக்குப் போகிறது. கடைசியில் கித்துல்கலைக்கு மேலே ஆற்றில் விடப்படுகிறது. 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்குப் பாலம் கட்டிய அதே ஆற்றங்கரையில், இன்று ரப்பர்ப் படகில் பாய்ந்து செல்லும் இளைஞர்கள் அலறி மகிழும் அந்த வெள்ளைநீர், பெரும்பாலும் மேலே யாரோ ஒரு பொறியியலாளர் திறந்துவிட்ட நீர்.

வன்னியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியவர்களுக்கு நீர்நிலைக்கரை விடுமுறை புதிதல்ல. இரணைமடுக் குளக்கட்டில் காற்று வாங்கி, கனகாம்பிகை அம்மன் கோயிலில் கும்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் இரணைமடுவின் வாய்க்கால் கிளிநொச்சியின் வயலுக்குப் போகிறது. குளம் நிறைந்தால் அங்கேயே நெல் விளையும், குளம் வற்றினால் அங்கேயே சண்டை வரும். மலையக நீர்த்தேக்கங்களின் கணக்கு வேறு. தண்ணீர் கொழும்புக்கு, மின்சாரம் தேசிய மின்கட்டமைப்புக்கு, தேயிலை ஏலத்துக்கு. கரையில் எஞ்சியிருப்பது காட்சி மட்டுமே. அந்தக் காட்சியும் இப்போது விலைக்குப் போகத் தொடங்கிவிட்டது.

அணை கட்டியபோது தண்ணீருக்குள் போனவை தேயிலைச் செடிகள் மட்டுமல்ல. பழைய மஸ்கெலியா நகரம் அப்படியே மவுசாகலைக்குள் போயிற்று. இன்றைய மஸ்கெலியா மேட்டில் புதிதாக எழுப்பிய ஊர். கடுங்கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்களில் இடிந்த சுவர்களும் தூண்களும் சேற்றிலிருந்து தலைநீட்டும். மூன்று சமயத்தவரும் ஒரே கடைத்தெருவில் புழங்கிய ஊர் அது என்பதற்கு அதைவிட நேரான சான்று வேண்டாம்.

அந்த ஊர் மூழ்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் மஸ்கெலியாத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஜீ. ஆர். மோத்தாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, தோட்டத் தமிழரில் மிகப்பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பில் அவர்கள் பெயர்கள் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னொரு நாளைக்கு. மறு ஆண்டு காசல்ரி நிறைந்தது. ஐந்தாவது ஆண்டு மவுசாகலை.

அதாவது, இந்தப் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கரையிலிருந்த லயங்களில் யார் இங்கே இருப்பது, யார் தலைமன்னாரில் கப்பல் ஏறுவது என்று குடும்பங்கள் பிரிந்துகொண்டிருந்தன. வாக்கில்லாத மக்களின் ஊரில் அணை கட்டுவது எந்த அரசுக்கும் இலகுவான வேலை. 1980களில் கொத்மலையிலும் விக்டோரியாவிலும் மகாவலித் திட்டத்துக்காக ஊர்கள் மூழ்கியபோது எதிர்ப்பு எழுந்தது, மாற்றுக் காணி பற்றிய பேச்சு நடந்தது, மூழ்கிய விகாரைகளின் நினைவாகக் கொத்மலையில் ஒரு மகாசாயவும் எழுப்பப்பட்டது. அந்த மக்களின் இழப்பும் சிறிதல்ல. ஆனால் அவர்களுக்குக் காணி உறுதி இருந்தது, வாக்கு இருந்தது. மஸ்கெலியாவின் தோட்டத் தமிழருக்கு இரண்டும் இல்லை.

இந்த வரலாற்றைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். விடுமுறைக்குப் போகிறவனிடம் பிரஜாவுரிமைச் சட்டம் பேசுவானேன் என்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய கணக்கு இன்னும் முடியவில்லை என்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது. இன்று காசல்ரிக் கரையில் விருந்தினரை வைத்து உழைக்க விரும்பும் ஒரு தோட்டக் குடும்பத்தின் முன் நிற்கும் தடை, 1948இலிருந்து நீண்டு வரும் அதே தடைதான்.

கரையில் இப்போது என்ன நடக்கிறது? டில்மா குழுமத்தின் சிலோன் டீ ட்ரெய்ல்ஸ் 2005இல் இங்கே தொடங்கியது. வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களைப் புதுப்பித்து, காசல்ரியைச் சுற்றிய மலைகளில் உலகத்தரமான விடுதிகளாக ஆக்கினார்கள். நீர்ப்பரப்பில் வந்திறங்கும் கடல் விமானத்திலும் விருந்தினர் வந்ததுண்டு. முயற்சியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர் சமையல்காரராகவும் பணியாளராகவும் வேலை கற்றார்கள், காசல்ரி என்ற பெயர் உலகப் பயண இதழ்களுக்குப் போயிற்று. ஆனால் அந்தப் பங்களாவில் ஓர் இரவு தங்கும் கட்டணம், பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல மாதச் சம்பளம். நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்க 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது.

விடுதியின் கட்டணம் குறைய வேண்டும் என்று இங்கே கேட்கவில்லை. பணக்கார விருந்தினருக்கு ஓர் இடம் இருப்பதுபோல, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் குடும்பத்துக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நடத்துகிறவர் கரையிலேயே வாழும் ஒருவராக இருக்க வேண்டும். இலங்கையின் கடற்கரையெங்கும் நடந்தது இதுதான். உனவட்டுனவிலும் மிரிஸ்ஸவிலும் சாதாரண மீனவக் குடும்பங்கள் வீட்டின் முன்னறையைக் கொடுத்துத் தொடங்கி, பின்பு இரண்டு அறை கட்டி, பின்பு சிறு விருந்தினர் இல்லம் ஆக்கினார்கள். அவர்களால் முடிந்ததற்கு முதற்காரணம், வீடு அவர்களுடையதாக இருந்தது.

தோட்டத்தில் வீடு யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. லயத்து காம்பராவில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கும் அது அவருடையதல்ல. சமையலறையை ஓரடி நீட்டுவதற்கும் தோட்டத் துரையின் சம்மதம் வேண்டும். உறுதி இல்லாத கூரையை அடகு வைக்க முடியாது, அதைக் காட்டி வங்கிக் கடன் வாங்க முடியாது, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடம் தங்குமிடமாகப் பதிவு செய்யப் போனாலும் ஆவணத்துக்கு எங்கே போவது? ஆகவே அந்த வீட்டுப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்புக்கு பஸ் ஏறுகிறான். செட்டியார் தெரு நகைக்கடையிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையிலும் புறக்கோட்டைத் துணிக்கடையிலும் நிற்கிறான். தீபாவளிக்கு மட்டும் ஏரிக்கரைக்குத் திரும்புகிறான். அவனுடைய ஊருக்கு விடுமுறைக்குப் போகிற வேனுக்கு இங்கே புளிச்சாதம் கட்டிக் கொடுப்பவன் அவனாகவே இருக்கலாம்.

மாற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்திய உதவியுடன் தனி வீடுகள் எழுந்துவருகின்றன. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேசியபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அதே நாளில் டிக்கோயாவில் புதிய வைத்தியசாலைக் கட்டடமும் திறக்கப்பட்டது. வீட்டோடு வருவது 7 பேர்ச்சஸ் காணி. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்று கணக்குப் போட்டால் அதன் அளவு விளங்கும். என்றாலும் உறுதியோடு கைக்கு வரும் 7 பேர்ச்சஸ் என்பது, விருந்தினருக்கு ஓர் அறை கட்டுவதற்குப் போதுமான தொடக்கம். உறுதிப்பத்திரம் தாமதமின்றிக் கைக்கு வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொரு கதவும் அண்மையில் திறந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினருக்கே தோட்டத்து ஒழுங்கைக்கு ஒரு பறை கொங்கிறீட் போட அதிகாரம் இல்லாத விசித்திரம் முப்பது ஆண்டு நீடித்தது. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் பழைய அம்பகமுவப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனித்தனிச் சபைகள் கிடைத்தன. காசல்ரிக்கும் மவுசாகலைக்கும் பக்கத்திலேயே, உள்ளூர் வாக்குகளால் அமையும் ஓர் ஆட்சி இப்போது இருக்கிறது.

அந்தச் சபைகள் என்ன செய்யலாம் என்று கேட்கும்போது, மூன்று ஆட்சேபங்கள் எழும். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு.

முதலாவது, பாதுகாப்பு. அணை என்பது நாட்டின் சொத்து. போர்க்காலத்தில் அணைக்கட்டுகளில் காவல் நின்றது, படம் எடுக்கவும் தடை இருந்தது. அணைக்கும் மின் நிலையத்துக்கும் பக்கத்தில் கட்டுப்பாடு தொடரத்தான் வேண்டும். ஆனால் காசல்ரியின் கரை மலைக்கு மலை வளைந்து நீளமாக ஓடுகிறது, அணைச்சுவர் அதில் ஒரு துண்டு. தமிழ்நாட்டில் 1934இல் முடிந்த மேட்டூர் அணையடியிலும் 1959இல் திறந்த வைகை அணையடியிலும் அரசே பூங்கா அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கில் மக்களை உள்ளே விடுகிறது. மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வைகை அணை என்பதே ஒரு நாள் சுற்றுலாவின் மறுபெயர். அணையும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, உயிராபத்து. நீர்த்தேக்கம் குளிக்கும் இடமல்ல. மேலே பார்த்தால் கண்ணாடிபோல் இருக்கும், கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் மலைச்சரிவு அப்படியே கீழே இறங்கும். அடியில் சேறு, பழைய தேயிலை வேர், நகரத்தின் இடிபாடு. மின் நிலையங்களுக்குக் கீழே ஆற்றில் குளிப்பவர்களுக்கு வேறு ஆபத்து, நீர் திறக்கப்பட்டால் வெயில் காயும்போதே ஆறு உயரும். படகுக்கும் ஒழுங்கு வேண்டும். கேரளத்தின் தேக்கடி ஏரியில் 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி 'ஜலகன்யகா' என்ற அரசுச் சுற்றுலாக் கழகப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்களும் படகின் கட்டமைப்புக் குறைகளும் பேசப்பட்டன. அரசு நடத்திய படகிலேயே அந்தக் கதி என்றால், ஏரிக்கரையில் கேட்பாரின்றி ஓடும் தெப்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கி அணியாத எவரையும் ஏற்றக்கூடாது என்ற விதியும், அதைப் பார்க்க ஓர் ஆளும் இல்லாமல் படகுச் சவாரி தொடங்கக் கூடாது.

மூன்றாவது ஆட்சேபம் கொழும்பிலிருந்தே வரும்: நாம் குடிக்கும் தண்ணீரில் உல்லாசப் பயணமா? இந்தக் கவலை மிகச் சரியானது. காசல்ரியில் பெற்றோல் இயந்திரம் உறும ஜெட் ஸ்கீ ஓடினால், எண்ணெய்ப் படலம் களனியின் தலையில்தான் விழும். விடுதிகளின் மலசல நீரும் அப்படியே. ஏற்கெனவே லயங்களின் கழிவும் நகரத்துக் குப்பையும் மழையோடு ஏரிக்குள்தான் இறங்குகின்றன. வேலி போட்டு விருந்தினரைத் தடுத்தால் இவை நின்றுவிடப் போவதில்லை. நின்றுபோக, கரையிலுள்ள வீடுகளுக்கு ஒழுங்கான கழிவறையும் வடிகாலும் குப்பை வண்டியும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வரலாம் என்பதற்கு நியூயோர்க் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அந்த மாநகரின் குடிநீர் பெரும்பாலும் வடக்கே கேட்ஸ்கில் மலைகளின் நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. அசோகன் நீர்த்தேக்கத்துக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் கிராமங்கள் அப்புறப்படுத்தப்பட்டன, அந்தக் கசப்பு தலைமுறைகளாக நீடித்தது. 1997இல் மாநகரமும் மலையூர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பல நூறு கோடி டொலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, மேலே உள்ள ஊர்களின் கழிவுநீர் வசதிக்கும் பண்ணைகளின் சீரமைப்புக்கும் உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கும் மாநகரம் பணம் கொடுக்கும். குடிக்கிறவர் கொடுக்க, காக்கிறவர் பெறுகிறார். கொழும்பின் நீர்க் கட்டணத்திலும் மின்கட்டணத்திலும் ஒரு சிறு பங்கு நோர்வூட், மஸ்கெலியா சபைகளுக்குப் போக வேண்டும் என்று இதுவரை நம்முடைய எந்தப் பெரிய கட்சியும் உரத்துக் கேட்கவில்லை. கொழும்பில் வாக்குக் கேட்கும் தமிழ்க் கட்சிகளாவது கேட்கலாம். மலையகத்திலும் தலைநகரிலும் அவர்களுக்கு வாக்காளர் இருக்கிறார்கள், இரு பக்கத்தையும் இணைக்கும் ஆறும் இருக்கிறது.

உழைப்பைப் பொறுத்தவரை, மீண்டும் தேக்கடியையே பார்க்கலாம். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையால் உருவான ஏரி அது. கேரளத்தில் கிடக்கும் அதன் தண்ணீர் சுரங்கம் வழியாகத் தமிழ்நாட்டின் வயல்களுக்குப் போகிறது. தண்ணீர் வேறிடத்துக்குப் போக, காட்சி மட்டும் எஞ்சும் அதே நிலைமை. 1990களின் பிற்பகுதியில் அங்கே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்து வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களைக் கொண்டே வழிகாட்டிக் குழுக்கள் அமைத்தார்கள். மூங்கில் தெப்பத்தில் பயணிகளை ஏற்றிப்போகிறவர்கள், இரவில் காட்டுக்குக் காவல் போகிறவர்கள் எல்லோரும் சுற்றுவட்டார மக்கள். வருமானத்தின் ஒரு பகுதி அவர்களுடைய குழு நிதிக்குப் போகிறது. காட்டை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்பது முதலில் வனத்துறைக்குத்தான் உறைக்க வேண்டியிருந்தது. காசல்ரியின் எந்த மூலையில் ஆழம், எந்த மாதம் எந்த மலையில் மூடுபனி விலகும் என்பதைப் பக்கத்து டிவிசனில் பிறந்து வளர்ந்த பையனைவிட வேறெவர் அறிவார்? துடுப்புப் படகும் மின்கலப் படகும் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஓர் இளைஞர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்த உரிமத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கும் சில நடைமுறைச் செய்திகள் உண்டு. ஏப்ரல் விடுமுறையில் போனால் ஏரி நிறைந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும்வரை மின் உற்பத்திக்காக நீர் இறங்கிக்கொண்டே இருக்கும், கரையைச் சுற்றிச் சிவப்பு மண் பட்டை தெரியும். பழைய மஸ்கெலியாவைப் பார்க்க வாய்ப்பு அப்போதுதான். வெளிநாட்டு உறவினர் வரும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் ஏரி ததும்பும், ஆனால் மழையும் அட்டையும் சேர்ந்தே வரும். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர் பஸ்கள் இரவெல்லாம் ஓடும். கோட்டையிலிருந்து உடரட்ட மெனிக்கேயில் ஏறி ஹட்டனில் இறங்கி, அங்கிருந்து உள்ளூர் பஸ் பிடித்தால் வேன் வாடகை மிச்சம், பிள்ளைகளுக்கு மலை ரயிலும் பார்த்தாயிற்று.

சாப்பாட்டை வெள்ளவத்தையிலேயே கட்டிக்கொண்டு போய், தாளையும் பிளாஸ்டிக்கையும் மட்டும் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வருவது இன்றைய வழக்கம். அதனால் ஊருக்குக் கிடைப்பது குப்பைதான். நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சுடச்சுடக் கிடைக்கும் கடைகள் இருக்கின்றன. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும், எடுத்தபின் நூறு ரூபாவை நீட்டுவதும் மரியாதையல்ல. வேலை நேரத்தில் அவர்களுக்கு நிறை கணக்கு உண்டு, நின்று சிரிக்க நேரம் கிடையாது. நீர் தாழ்ந்த நாட்களில் கோயில் இடிபாட்டின்மேல் ஏறி செல்பி எடுப்பவர்கள், அது இன்னும் சிலருக்குக் குலதெய்வம் இருந்த இடம் என்பதை நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். அந்த இடத்தில் மும்மொழியிலும் ஒரு பலகை நட்டு, மூழ்கிய தோட்டங்களின் பெயர்களையும் வழிபாட்டிடங்களையும் எழுதிவைக்கப் பெரிய செலவு ஆகாது.

கண்டலமவில் 1990களின் தொடக்கத்தில் குளக்கரையில் பெரிய விடுதி கட்ட முற்பட்டபோது எதிர்ப்பு வெடித்தது. ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பில் அந்த விடுதி 1994இல் எழுந்தது, இன்று உலகப் புகழும் பெற்றிருக்கிறது. குளக்கரை யாருக்கு என்ற கேள்வியைக் குறைந்தது அங்கே உரக்கக் கேட்டார்கள். காசல்ரியிலும் மவுசாகலையிலும் பெருவிடுதிகளின் வரிசை இன்னும் தொடங்கவில்லை. கரையோரக் காணியில் பெரும்பகுதி அரசுடையது, குத்தகைக் கம்பனிகள் கையில் இருப்பது. தேயிலை விலை இறங்கும்போதெல்லாம், தேயிலை விளையாத சரிவுகளைச் சுற்றுலாவுக்கு மாற்றும் யோசனை கம்பனிகளிடமிருந்து வரத்தான் செய்யும். அப்படி வரும்போது நிபந்தனைகள் தயாராக இருக்க வேண்டும்: பொதுமக்கள் இறங்கிப் போகும் வழிகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குத்தகை மாற்றப்படும் ஒவ்வோர் ஏக்கரிலும் அங்கே வாழும் குடும்பங்களின் வீட்டுக்காணி முதலில் பிரித்து உறுதி எழுதப்பட வேண்டும். கழிவுநீர் ஏற்பாடு இல்லாத எந்தக் கட்டடத்துக்கும் அனுமதி கூடாது.

பிரதேச சபைகளின் வரவு செலவுத் திட்டங்கள் ஆண்டின் கடைசியில்தான் முன்வைக்கப்படுகின்றன. சிவனொளிபாதமலைப் பருவமும் அதே டிசம்பரில் தொடங்குகிறது. நோர்வூட், மஸ்கெலியா சபைகளின் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் ஏரிக்கரைக்கு இரண்டு பொதுக் கழிவறைத் தொகுதி, ஒரு படகுத்துறை, ஒரு குப்பை வண்டி, வீட்டு விருந்தினர் அறைகளைப் பதிவுசெய்ய ஓர் எழுதுவினைஞர் என்ற அளவிலாவது ஒதுக்கீடு இருக்கிறதா என்று அங்குள்ள உறுப்பினர்களிடம் கேட்கலாம். அவர்களில் பலருக்குக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உறவினர் உண்டு. தொலைபேசியில் கேட்டாலே போதும்.